ஐந்தாம் அத்தியாயம்: உத்தரத்துக்கு உரிய மரம்

வீடு கட்டுவோரிடம் மரம் என்று சொன்னால் பெரும்பாலோருடைய நினைவு வாசல் நிலைக்கும் கதவுக்குமே போகிறது. அவற்றைப் பற்றிச் சென்ற அத்தியாயத்தில் சொல்லியாயிற்று. இங்கே எடுத்துக்கொள்வது சுமை தாங்கும் மரம்: கூடத்தின் குறுக்கே ஓடும் உத்தரம், ஓட்டுச் சாய்ப்பின் கைமரம், மொட்டைமாடியிலோ தோட்டத்திலோ கொடி படரவிடும் பந்தலின் சட்டம், ஊஞ்சலைத் தாங்கும் தூலம் ஆகியவை. கதவு கோணிப் போனால் தச்சரை அழைத்து அரை நாளில் இழைத்துச் சரிசெய்துகொள்ளலாம். உத்தரம் கோணிவிட்டாலோ, அதன்மேல் இருப்பதையெல்லாம் இறக்கிய பிறகுதான் அதைத் தொடமுடியும். ஆகையால் வாங்குமுன் செலவழிக்கும் சிரத்தை முழுவதும் இந்த மரத்துக்கே உரியது.

மேனாட்டுக் கட்டட நூல்களையும் தோட்டப் புத்தகங்களையும் புரட்டிப் பார்த்தவர்கள், அங்கே விசேஷமாகப் புகழப்படும் லார்ச் மரம் நம் ஊரில் கிடைக்குமா என்று விசாரிப்பதுண்டு. ஊசியிலை மரமாக இருந்தும் குளிர்காலத்தில் இலையுதிர்க்கும் அந்த அபூர்வ ஜாதி, ஆல்ப்ஸ் மலையிலும் சைபீரியாவிலும், நம் தேசத்திலேயே சிக்கிமை ஒட்டிய கிழக்கு இமயச் சரிவுகளிலும் வளர்வது. பிசின் செறிந்த அதன் செந்நிற வைரம், வர்ணம் பூசாமலே வெயிலிலும் பனியிலும் நின்று நாளடைவில் சாம்பல் நிறமாகி நிலைத்திருக்கும். ஆனால் அந்தப் புகழ் குளிர்தேசத்தில் ஈட்டிய புகழ். அங்கே மரத்தை அரிக்கும் பூஞ்சணத்துக்கு ஆண்டில் சில மாதங்களாவது உறைபனி ஓய்வு கொடுத்துவிடுகிறது; கரையானின் தொல்லையும் மிகக் குறைவு. சென்னையிலோ பூஞ்சணத்துக்கு விடுமுறை என்பதே கிடையாது. கரையானுக்குச் சொல்லவே வேண்டாம். லார்ச்சுக்காகட்டும், அதற்குப் பதிலாக நம் மரவாடிகளில் கட்டுக்கட்டாக வந்து இறங்கும் பைன் மரத்துக்காகட்டும், என் அபிப்பிராயம் ஒன்றுதான்: மருந்தை அழுத்தத்தோடு உட்செலுத்திப் பதப்படுத்திய சரக்கானால் கூரைக்குக் கீழே, மண் தொடாத இடத்தில் உபயோகிக்கலாம்; பதப்படுத்தாததை அலமாரியின் உட்பலகைக்கு மேல் எதற்கும் நம்பவேண்டாம்.

மரத்தின் பெயரைக் கேட்பதற்குமுன் அது நிற்கப்போகும் இடத்தை நிச்சயம் செய்துகொள்ளவேண்டும். ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை பெறும் இந்நகரத்தில் அதன் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களுக்குள் கொட்டிவிடுகிறது. பிறகு மே மாதத்தில் 40 பாகையைத் தாண்டும் வெயில். இப்படி ஊறியும் காய்ந்தும் அலைக்கழியும் மரம் வெடிக்காமலும் முறுக்காமலும் இருக்கவேண்டுமென்றால் அது பிறவியிலேயே அடக்கமுள்ள மரமாக இருந்தாகவேண்டும். அன்றியும், பேட்டைக்குப் பேட்டை பகையும் மாறுகிறது. சாந்தோமையும் பெசன்ட் நகரையும் அடுத்த வீடுகளில் கடற்காற்றின் உப்பு மரத்தைவிட அதைப் பிணைக்கும் ஆணிகளையே முதலில் தின்கிறது. தியாகராய நகர், 1920-களில் மாம்பலத்து ஏரியைத் தூர்த்து எழுப்பிய பேட்டையாதலின், ஈரம் தங்கும் நிலத்தில் கரையானுக்குக் குறைவில்லை. அடையாற்றங்கரையிலும் கோட்டூர்புரத்திலும் 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்கள், தரைமட்டத்தை ஒட்டி மரம் வைப்பதன் பலனை நான் சொல்லக் கேட்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் ஈடுகொடுக்கும் மரம் தேக்கு என்பதில் தச்சர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. காயும்போது மிகக் குறைவாகவே சுருங்குவது, இயல்பான எண்ணெய்ப் பசையால் நீரை எளிதில் ஏற்காதது, கரையானுக்கு ஆகாத ரசாயனப் பொருள்களைத் தன் வைரத்திலேயே கொண்டிருப்பது ஆகிய மூன்றும் ஒரே மரத்தில் கூடியிருப்பது அபூர்வம். ஆனால் தேக்கு என்ற பெயர் வேறு, தேக்கின் குணம் வேறு. அந்தக் குணம் முழுவதும் வைரத்தில் இருக்கிறது. வைரத்தைச் சுற்றி வெளிர்நிறமாக இருக்கும் பகுதியை, தச்சர்கள் வெறுமனே ‘வெள்ளை’ என்று சொல்லும் அந்தப் பகுதியை, வண்டும் கரையானும் மற்ற மட்டமரத்தைப் போலவே அரித்துவிடும். கானா, நைஜீரியா, கொலம்பியா முதலிய தேசங்களிலிருந்து வரும் தோட்டத்துத் தேக்கில் இளவயதிலேயே வெட்டியவை மிகுதி. அவற்றில் வெள்ளை அகன்றும் வைரம் ஒடுங்கியும் இருக்கும். 1840-களில் கானொலி துரையின் முயற்சியால் தோட்டப் பயிராகத் தேக்கு நட்ட நிலம்பூரின் பெயரும், மலைச்சரிவில் தடிகளை நழுவவிட்டு இறக்கியதால் டாப்ஸ்லிப் என்று பெயர் பெற்ற ஆனைமலைக் காட்டின் பெயரும் வியாபாரிகளின் வாயில் தாராளமாக அடிபடுகின்றன. வாங்குகிறவர் பார்க்கவேண்டியது ஊர்ப்பெயரை அன்று, குறுக்கே அறுத்த முனையை. அந்த முனையில் நான்கு மூலைகளிலும் வைரம் இருக்கிறதா, மரத்தின் நடுமையம் சட்டத்துக்குள் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். மையம் உள்ளே அகப்பட்ட சட்டம் எவ்வளவு நல்ல மரமானாலும் காயக்காயப் பிளக்கும். ஏனெனில் மரம் வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு.

பர்மாத் தேக்கின் விஷயம் தனியே சொல்லத்தக்கது. மியான்மர் 2014 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து உருட்டுமர ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது. எனினும் மரவாடிக்குள் நுழைந்தால், “அசல் பர்மா சார், கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க” என்ற உபசாரம் இன்னும் குறைந்தபாடில்லை. கண்ணைத் திறந்துகொண்டே எடுக்கவேண்டிய சரக்கு இது. சட்டத்தின் ஓர் ஓரத்தை இழைப்புளியால் ஒரு இழை சீவித் தரச் சொல்லுங்கள். சாயம் பூசிய மரமானால் உள்நிறம் வேறாக வெளிப்பட்டுவிடும், தேக்கானால் தோல் பதனிட்டாற்போன்ற ஒரு வாசனை எழும், சீவிய இடத்தைத் தடவினால் விரலில் மெழுகுப்பசை தட்டும்.

ஆனால் உண்மையான பழைய பர்மாத் தேக்கு வேண்டுமென்றால் அது துறைமுகத்தில் இல்லை. நம் தெருவிலேயே இடிபட்டுக்கொண்டிருக்கிறது. மயிலாப்பூர் மாடவீதிகளை அடுத்த பழைய வீடுகளிலும், தியாகராய நகரிலும் அடையாறு காந்தி நகரிலும் முன் தலைமுறையார் எழுப்பிய பங்களாக்கள் பலவற்றிலும் கூரையாக இருந்தது மெட்ராஸ் டெரஸ் என்னும் தளம். கொத்தனார்கள் இதைக் கட்டைக்குத்து ஒட்டு என்பார்கள். தேக்குச் சட்டங்களைச் சுமார் ஒன்றரை அடி இடைவெளியில் சுவருக்குச் சுவர் பரப்பி, அவற்றின்மேல் ஆறங்குல நீளமும் மூன்றங்குல அகலமும் ஓரங்குலக் கனமுமுள்ள மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துவாட்டில் மூலைக்குமூலையாக அடுக்கி, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாட்கணக்கில் தட்டி இறுக்கி, தட்டோடு பதித்து முடிப்பது அந்தத் தளத்தின் நிர்மாண முறை. கான்கிரீட் வந்து அதை வழக்கொழித்தது. இன்று அந்த வீடுகளே அடுக்குமாடிகளுக்கு இடம் விட்டு விலகுகின்றன. இடிப்பு ஒப்பந்தக்காரர் இறக்கி அடுக்கும் அந்தச் சட்டங்கள், முக்கால் நூற்றாண்டுக்குக் குறையாமல் நிழலில் காய்ந்து, முறுக்கவேண்டியதை முறுக்கி, சுருங்கவேண்டியதைச் சுருங்கி முடித்தவை. புதுத் தேக்குக்கும் இதற்கும் இடையே தெரிவு செய்யச் சொன்னால், இரட்டை விலை சொன்னாலும் நான் பழையதையே எடுப்பேன். பெரும்பாலும் விலையும் குறைவாகவே இருப்பது நம்மவர் பழைய சாமானை இளக்காரமாக எண்ணுவதால் நமக்குக் கிடைக்கும் லாபம்.

பழைய சட்டத்தைப் பரீட்சிக்கும் முறை வருமாறு. முதலில் இரு முனைகளையும் பார்க்கவேண்டும். சுவருக்குள் புதைந்திருந்த அரையடி முதல் ஓரடி வரையுள்ள பகுதி சுண்ணாம்பின் ஈரத்தில் மக்கியிருப்பது சகஜம். கூரான கம்பியால் குத்திப் பாருங்கள். கம்பி தடையின்றி இறங்கும் மட்டும் அறுத்துத் தள்ளிவிட்டு, மிஞ்சிய நீளத்துக்கு மட்டுமே விலை பேசுங்கள். பிறகு சட்டத்தைப் புரட்டி அடியில் உள்ள துளைகளைப் பார்க்கவேண்டும். ஒன்றைத் தட்டினால் கசகசாவைப் போன்ற உலர்ந்த மணிகள் உதிருமானால், மண் தொடர்பே வேண்டாத உலர்மரக் கரையான் உள்ளே குடியிருக்கிறது என்று பொருள். அத்தகைய சட்டம் ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மற்ற மரச்சாமான்களுக்கும் அது தொற்றும், ஆதலின் இலவசமாகக் கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள். மழைநீர்க் குழாயை ஒட்டியிருந்த சட்டங்கள் கறுத்த கறையால் தெரியும்; அவற்றைத் தனியே ஒதுக்கச் சொல்லலாம். பலகாலம் சுமை தாங்கியதால் நடுவில் சற்றே தொய்ந்த சட்டத்தைக் கண்டு அஞ்சவேண்டாம். தொய்வு மேலே வரும்படி புரட்டி வைத்தால் அதுவே அனுகூலமாகும். அறுவை மில்லுக்கு அனுப்புமுன் ஒரு காந்தத்தை மெதுவாக நீளநெடுக ஓட்டி உள்ளே முறிந்து நிற்கும் ஆணிகளைக் கண்டுபிடித்துப் பிடுங்கிவிடவேண்டும். வாள் முறிந்தால் அதன் கிரயம் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

புதுமரம் வாங்குவோருக்கு ஈரமே பெரிய வஞ்சனை. நம் கடற்கரைக் காற்றில் மரம் கடைசியாக நிலைகொள்ளும் ஈரம் ஏறத்தாழ 12 முதல் 15 சதவீதம். அதற்குமேல் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் உங்கள் வீட்டுக்கு வந்தபின் வெளியேறும், வெளியேறும்போது மரத்தைக் கோணலாக்கிவிட்டே போகும். இதை அளக்கும் சிறு கருவி விலைக்குக் கிடைக்கிறது; அது இல்லாதவருக்கு ஒரு தராசு போதும். அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் நீளத்தை அடியிலும் எடுத்துப் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி வந்துவிடும் என்பது மரவாடியில் யாவரும் அறிந்த கணக்கு. ஆறுக்கு நாலு அங்குலத்தில் பன்னிரண்டடி நீளமுள்ள சட்டம் சரியாக 2 கன அடி. உலர்ந்த தேக்கானால் அது சுமார் 37 கிலோ இருக்கும். கட்டைக்குக் கட்டை சற்று முன்பின் ஆகலாமெனினும், பக்கத்துக் காயலான் கடைத் தராசில் ஏற்றியபோது முள் 45-ஐத் தாண்டினால், மீதி எடைக்கு நீங்கள் தேக்கு விலை கொடுத்து வாங்குவது தண்ணீரை. உருட்டுமரமாக வாங்குவோர் இன்னொன்றும் அறிந்திருக்கவேண்டும்: சுற்றளவில் நாலில் ஒரு பங்கை இருமடியாக்கி நீளத்தால் பெருக்கும் பழைய கணக்கு, தடியின் உண்மைக் கன அளவில் நூற்றுக்கு 78-க்குச் சற்று மேல்தான் காட்டும், மீதி, பட்டைக்கும் அறுப்புச் சேதாரத்துக்கும் விட்டுக்கொடுத்தது.

மரம் வாங்க ஏற்ற காலம் பங்குனி, சித்திரை. வெயில் மிகுந்த அம்மாதங்களில் வாங்கி, நேர்வெயில் படாத நிழலில், ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே ரீப்பர் துண்டு கொடுத்துக் காற்றோட்டமாக அடுக்கி, முனைகளில் பெயிண்ட் தடவி வைத்தால், மழைக்குமுன் வேலைக்குப் பக்குவப்பட்டுவிடும். கார்த்திகை மழையில் நனைந்த லாரியிலிருந்து இறக்கிய மரத்தை அந்த வாரமே உத்தரமாக ஏற்றுவது வேண்டாத வம்பு.

வலிமையைப் பற்றி ஒரு விதியை மட்டும் மனத்தில் கொண்டால் போதும். அதைத் தெரிந்துகொண்டவர் நூற்றுக்கணக்கான ரூபாயை மிச்சப்படுத்துவார். சட்டம் முறியாமல் தாங்கும் சக்தி அதன் உயரத்தின் இருமடியையும், தொய்யாமல் நிற்கும் சக்தி உயரத்தின் மும்மடியையும் பொறுத்தது. ஆறுக்கு மூன்று அங்குலச் சட்டத்தைப் படுக்கவைப்பதற்குப் பதில் நிறுத்திவைத்தால், அதே மரம் இரண்டு மடங்கு சுமையைத் தாங்கும், நான்கில் ஒரு பங்கே தொய்யும். பார்வைக்கு அகலமாக இருக்கட்டும் என்று உத்தரத்தைப் படுக்கவைக்கச் சொல்லும் வீட்டுக்காரர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் மரத்துக்குக் கொடுத்த காசில் பாதியைச் சுவரில் ஒட்டிவிட்டார்கள் என்றே சொல்லவேண்டும். கணு இருக்குமாயின் அது நடுப்பகுதியின் அடிவிளிம்பில் வராதபடி பார்த்து ஏற்றவேண்டும். இழுவிசை அங்கேதான் உச்சமாக இருக்கிறது. உத்தரத்தின் முனை சுவரில் அமரும் இடத்தில் ஒரு கருங்கல் வில்லையை இட்டு, முனையைச் சுற்றி விரல்கடை இடைவெளி விட்டுக் காற்றாட விடுங்கள். மேஸ்திரி அதைச் சாந்தால் அடைக்க வருவார்; அடைக்க விடாதீர்கள். பழைய வீட்டுச் சட்டங்கள் மக்கியது அங்கேதான் என்பதை மேலே கண்டோம்.

தேக்கு ஒன்றே கதி என்றும் எண்ணவேண்டாம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கட்டட மர விதியான ஐ.எஸ். 883, மரங்களை விறைப்பின்படி வகுக்கும்போது சால் மரத்தை முதல் வகுப்பிலும் தேக்கை இரண்டாம் வகுப்பிலும் வைக்கிறது. கூரைக்கு உள்ளே மறைந்து நிற்கும் உத்தரத்துக்குச் சால் மிகப் பொருத்தம். ஆனால் பச்சையாக ஏற்றினால் முறுக்கிக்கொள்ளும் முரட்டுச் சுபாவம் அதற்கு உண்டு. வேங்கை தேக்குக்கு அடுத்தபடி மதிக்கத்தக்கது; ஈரம் பட்டால் அதன் சாயம் கசிந்து வெள்ளைச் சுவரில் பழுப்புக்கோடு இழுக்கும், இரும்பாணி பட்ட இடம் கறுக்கும். கருமருதும் கோங்கும் கனமும் உறுதியும் உடையவை. வேம்பைப் பூச்சி எளிதில் அணுகாது. நேரான நீண்ட சட்டம் அதில் கிடைப்பதரிது, ஆகையால் குட்டை உத்தரங்களுக்குக் கொள்ளலாம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வார்தா புயலில் அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் சாய்ந்த தூங்குமூஞ்சிகளையும் கொன்றைகளையும் அறுத்துப் பந்தல் போடலாமா என்று அப்போது பலர் ஆசைப்பட்டார்கள். பெஞ்சுப் பலகைக்கு அவை ஆகும், உத்தரத்துக்கு ஆகா.

பனை ஒரு தனி வகை. வைரம் வெளிப்புறத்தில் அமைந்தவற்றைப் புல் என்றும் உட்புறத்தில் அமைந்தவற்றை மரம் என்றும் தொல்காப்பியர் பிரித்துவைத்தது தச்சருக்கும் உபயோகமான வகுப்பு. பனையில் உறுதி முழுவதும் கறுத்த வெளிவட்டத்தில் இருக்கிறது, நடுவில் வெறும் சோறு. எனவே மற்ற மரத்தில் வெளிப்புறத்தைக் கழித்து உள்ளே எடுப்பதுபோல் பனையில் செய்தால் கிடைப்பது குப்பை. வெளிவட்டத்தை நீளவாட்டில் பிளந்து எடுத்த முதிர்ந்த கைமரம், ஓட்டுச் சாய்ப்புக்கு நம் முன்னோர் கண்ட சிறந்த சிக்கனம். இன்று பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பது 2021 முதல் உள்ள ஏற்பாடு. பழைய வீடுகளிலிருந்து இறங்கும் கைமரங்களே தேடத்தக்கவை.

தோட்டத்துக்கு வருவோம். மரக்காலை மண்ணில் நடுவது இந்த ஊரில் கரையானுக்கு விருந்து வைப்பதே. தாரோ மருந்தோ பூசினாலும் அழிவைத் தள்ளிப்போடலாமே தவிரத் தடுக்கமுடியாது. மேனாட்டுப் படங்களில் காணும் மரக்கால் பந்தலைப் பார்த்து ஆசைப்படாமல், நம் கொடித்தோட்டங்களில் வழங்கும் கருங்கல் தூண்களைக் காலாக நிறுத்தி, மேலே மட்டும் மரச்சட்டம் ஏற்றுவது எல்லாவகையிலும் உத்தமம். கல் அழுகாது, சட்டம் தரையிலிருந்து ஏழெட்டடி உயரத்தில் காற்றாடும். மரக்கால்தான் வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்போர், காங்கிரீட்டில் பதித்த எஃகுத் தகட்டின்மேல் தரைக்கு நாலங்குலம் உயர்த்தி அதை நிறுத்தலாம். சட்டத்தின் மேல்முகத்தை இருபுறமும் சாய்வாக இழைத்து நீர் வழியச் செய்யுங்கள். முல்லையையோ சங்குப்பூவையோ மரத்தின்மேல் நேரே படரவிடாமல், இரண்டங்குலம் தள்ளிக் கட்டிய கம்பியில் படரவிட்டால் மரம் மழைக்குப்பின் விரைவில் உலரும். கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் ஆணியும் திருகாணியும் வாங்கும்போது துருப்பிடிக்காத எஃகிலும் எஸ்.எஸ். 316 என்று கேட்டு வாங்கவேண்டும். 304 எனப்படும் மலிவான ரகம் உப்புக்காற்றில் சில ஆண்டுகளிலேயே பழுப்பேறிவிடுகிறது. மொட்டைமாடிப் பந்தலுக்குச் சுமையைவிடக் காற்றே பெரிய சோதனை. புயல் அதைக் கீழே அழுத்துவதில்லை, மேலே தூக்குகிறது, ஆகவே ஒவ்வொரு சட்டத்தையும் காலோடும் காலைத் தளத்தோடும் போல்ட்டால் பிணைத்தாகவேண்டும்.

ஊஞ்சலுக்குரிய தூலத்தைத் தெரிவோர் ஆடுபவரின் எடையை மட்டும் கணக்கிட்டு ஏமாறக்கூடாது. நிமிர்நிலையிலிருந்து 60 பாகை வரை வீசி ஆடும் ஊஞ்சல் கீழே வந்து கடக்கும் கணத்தில் சங்கிலியின்மேல் விழும் இழுப்பு, ஆடுபவருடைய எடையைப்போல் இருமடங்கு. பண்டிகை நாளில் பலகையில் மூவர் உட்காருவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொக்கியைத் தூலத்தின் அடியில் திருகி இறக்குவது மிகவும் அபாயம். தூலத்தைச் சுற்றி வளைத்த பட்டை இரும்பில் சங்கிலியை மாட்டுவதே பழைய மயிலாப்பூர்க் கூடங்களுக்கும் புதிய வீடுகளுக்கும் பொருந்தும் முறை.

பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் போதும். வெளிமரத்துக்கு ஆண்டுதோறும் மழைக்குமுன் ஒருமுறை தடவவேண்டும். முந்திரிக்கொட்டை எண்ணெய் அதைவிடக் கரையானை விரட்டும், ஆனால் கையில் பட்டால் கொப்புளிக்கும். பூசுபவருக்குக் கையுறை கொடுங்கள்.

பழைய கூரைமரங்கள் எப்படிப் பிணைக்கப்பட்டன என்பதைக் கண்ணால் காண விரும்புவோர், முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கும் தக்ஷிணசித்ராவுக்குச் சென்று, பெயர்த்து வந்து நிறுத்தப்பட்டிருக்கும் தமிழ்நாட்டு, கேரள வீடுகளின் கைமரங்களை அண்ணாந்து பாருங்கள். உங்கள் தச்சரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். முன்பணம் கொடுக்குமுன் மரவாடிக்காரரிடம் ரசீதில் மரத்தின் ஜாதி, அளவு, கன அடி, ‘வெள்ளை இல்லாதது’ என்னும் நான்கையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுத மறுப்பவரிடம் மரம் வாங்காதீர்கள்.